ஒரு கால்பந்துப் பருவத்தின் வரலாறு



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அரசர்களின் பெயர்களும், போர்களின் ஆண்டுகளும், கோட்டை கொத்தளங்களுமே. தேர்வுத் தாளும் பெரும்பாலும் அவற்றைத்தான் கேட்கின்றது. ஆயினும் ஒரு நாட்டு மக்கள் எந்த ஆட்டத்தை ஆடினார்கள், எங்கே ஆடினார்கள், ஆடுவதற்கு யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்னும் வினாக்களும் வரலாற்று வினாக்களே. அவற்றுக்கு விடை தேடப் புகுந்தால், அரண்மனைகளைக் காட்டிலும் ஆடுகளங்கள் நமக்கு அதிகம் சொல்லும்.

அந்த எண்ணத்தோடு, இந்தியக் கால்பந்தின் ஒரே ஒரு பருவத்தை எடுத்துக்கொண்டு உங்களோடு பேச விரும்புகின்றேன். நான் எடுத்துக்கொண்டது 2018-19 ஆம் பருவம். கால்பந்துக்கு ஆண்டு சனவரியில் தொடங்குவதில்லை. ஐப்பசி மழைக் காலத்தையொட்டித் தொடங்கி, கோடை வெயில் உச்சிக்கு ஏறும் மே மாதம் வரை அது நீளும். ஆகையால்தான் ஒரு பருவத்துக்கு இரண்டு ஆண்டுகளின் பெயரைச் சேர்த்துச் சொல்கின்றோம். அந்த எட்டு மாதங்களில் தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று நாட்டின் லீக் பட்டத்தை வென்றது. மற்றொன்று வேறொரு லீக்கில் கடைசி இடத்தில் நின்றது. ஆண்கள் தேசிய அணி ஆசியக் கோப்பையில் ஒரு பெரிய வெற்றியும் ஒரு கசப்பான முடிவும் கண்டது. பெண்கள் அணியோ ஒரு கோப்பையைக் கொண்டுவந்தது. சங்கராபுரத்தில் வாழும் எனக்கு அந்தப் பருவத்தில் தனிப் பற்று உண்டு. அதன் காரணம் பேச்சின் போக்கில் விளங்கும்.

முதலில் சிறிது முன்கதை. கால்பந்தை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயப் படைவீரர்கள். டுராண்ட் கோப்பைப் போட்டி 1888 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. உலகின் மிகப் பழைய கால்பந்துப் போட்டிகளுள் அது ஒன்று. 1911 ஆம் ஆண்டு சூலை 29 ஆம் நாள், கொல்கத்தாவில் மோகன் பகான் கழகத்தார் கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவை 2-1 என வென்று, ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்றனர். ஆள்பவரை ஆளப்படுவோர் ஆடுகளத்தில் வென்ற அந்த நாளை, விடுதலைப் போராட்டத்தின் கதையைச் சொல்வோரும் மறவாமல் குறிப்பிடுகின்றனர்.

விடுதலைக்குப் பின் இந்தியக் கால்பந்துக்கு ஒரு நல்ல காலம் வாய்த்தது. 1951 ஆம் ஆண்டு புது தில்லியில் நிகழ்ந்த முதல் ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962 ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம். 1964 ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். அதற்குப் பின் நீண்ட இறக்கம். கொல்கத்தாவிலும் கோவாவிலும் கேரளத்திலும் மணிப்பூரிலும் மக்கள் இந்த ஆட்டத்தைக் கைவிடவில்லை. ஆனால் நாட்டின் பெரும்பகுதி கிரிக்கெட்டின் பக்கம் திரும்பிவிட்டது.

நாடு முழுவதற்குமான லீக் போட்டி 1996 ஆம் ஆண்டில்தான் பிறந்தது. லீக் என்பது ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆடும் தொடர்ப் போட்டி. வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி, தோல்விக்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் நன்றாக ஆடிக் கோப்பையைக் கொண்டுபோக இயலாது. பல மாதங்கள் தளராமல் ஆடவேண்டும். அந்தத் தேசிய லீக் 2007 ஆம் ஆண்டில் ஐ-லீக் என்னும் புதுப் பெயர் பெற்றது. 2014 ஆம் ஆண்டில், பெரும் பொருட்செலவில், இந்தியன் சூப்பர் லீக் என்னும் மற்றொரு போட்டி அதன் அருகிலேயே எழுந்தது. ஆக, நாம் பேசும் 2018-19 பருவத்தில் ஒரே நாட்டில் இரண்டு பெரிய லீக்குகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடந்துகொண்டிருந்தன. ஐ-லீக்கில் முதலிடம் பெற்றவர் சூப்பர் லீக்குக்கு ஏற வழியில்லை. சூப்பர் லீக்கில் கடைசி இடம் பெற்றவர் கீழே இறங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் செய்திகள் சிலவற்றுக்கு இதுவே திறவுகோல்.

இனி பருவத்துக்குள் நுழைவோம். நாட்டு அணியின் கதையை முதலில் சொல்கின்றேன்.

2019 சனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆசியக் கோப்பைப் போட்டி நடந்தது. 24 நாடுகள் வந்திருந்தன. சனவரி 6 ஆம் நாள் அபுதாபியில் இந்தியா தாய்லாந்தைச் சந்தித்தது. முதற்பாதி 1-1 எனச் சமமாக முடிந்தது. பிற்பாதியில் இந்திய அணி வேறோர் அணிபோல் ஆடியது. சுனில் சேத்ரி மொத்தம் இரண்டு கோல்கள் அடித்தார். அவற்றோடு நாட்டுக்காக அவர் அடித்த கோல்கள் 67 ஆயின. அந்நாளில் அர்ஜென்டினாவின் மெஸ்ஸி தம் நாட்டுக்காக அடித்திருந்தவை 65. அடுத்து அனிருத் தாபா ஒன்று, ஜெஜே ஒன்று. இந்தியா 4-1 என வென்றது. ஆசியக் கோப்பையில் 1964 ஆம் ஆண்டுக்குப் பின் இந்தியா கண்ட முதல் வெற்றி அதுவே. இடையில் ஓடியவை 55 ஆண்டுகள். ஒரு வெற்றியைக் கண்ட சிறுவன் அடுத்த வெற்றியைக் காணும்போது பேரன் பேத்திகளோடு அமர்ந்திருப்பான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, சனவரி 8 ஆம் நாள், தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. விழுப்புரம் மாவட்டத்தைப் பிரித்துக் கள்ளக்குறிச்சியைத் தலைநகராகக் கொண்டு புது மாவட்டம் அமைக்கப்படும் என்பதே அது. சங்கராபுரமும் கல்வராயன் மலையும் அந்தப் புது மாவட்டத்தைச் சேர்ந்தன. எங்கள் ஊரில் அந்த வாரம் முழுவதும் அதே பேச்சு. எந்த அலுவலகம் எங்கே வரும், இனி விழுப்புரத்துக்குப் போகவேண்டிய தேவை இருக்குமா, மலையிலிருந்து இறங்கி வருவோர்க்கு எளிதாகுமா என்று தேநீர்க் கடைகளில் பேசிக்கொண்டிருந்தார்கள். அபுதாபி வெற்றியைப் பேசியவர்கள் மிகச் சிலரே.

சனவரி 10 ஆம் நாள் அமீரகத்தோடு ஆடிய இந்தியா 0-2 எனத் தோற்றது. அப்போதும் நம்பிக்கை அறுந்துவிடவில்லை. சனவரி 14 ஆம் நாள், நம் நாட்டில் போகிப் பண்டிகை. சார்ஜாவில் பஹ்ரைனோடு கடைசி ஆட்டம். சமநிலை செய்தாலே அடுத்த சுற்றுக்குப் போகலாம். 90 நிமிடங்கள் கோல் எதுவும் விழவில்லை. கூட்டிக் கொடுத்த நேரத்தில் பஹ்ரைனுக்கு ஒரு பெனால்டி உதை கிடைத்தது. ஜமால் ரஷித் அதைக் கோலாக்கினார். 0-1. இந்தியா போட்டியிலிருந்து வெளியேறியது. பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் அன்றே பதவி விலகினார். 55 ஆண்டு காத்திருந்து பெற்ற வெற்றியின் மகிழ்ச்சி எட்டே நாளில் முடிந்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். தாய்லாந்துக்கு எதிராகக் கோல் அடித்த தாபாவும் ஜெஜேயும் சென்னையின் எஃப்.சி. என்னும் கழகத்தின் ஆட்டக்காரர்கள். நாட்டு அணி என்பது ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே ஒன்றுகூடுவது. எஞ்சிய மாதங்களில் அந்த வீரனை வளர்ப்பதும், காயத்திலிருந்து தேற்றுவதும், ஆடவைப்பதும் கழகமே. கழகம் நோயுற்றால் நாட்டு அணிக்கும் காய்ச்சல் வரும்.

அந்தப் பருவத்தில் சென்னையின் கழகம் உண்மையிலேயே நோயுற்றிருந்தது. முந்திய 2017-18 பருவத்தில், பெங்களூருக்கே சென்று பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என வென்று சூப்பர் லீக் பட்டத்தைப் பெற்ற அணி அது. அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் வெறும் 9 புள்ளிகள் பெற்று, பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது. முடிசூடியவர் மறு ஆண்டே கடைசி வரிசையில் நின்றது, வெற்றியை எவரும் சேமிப்புக் கணக்கில் போட்டு வைக்க முடியாது என்பதைக் காட்டுகின்றது.

சென்னையின் பெயர் தாங்கிய மற்றொரு கழகம் அதே மாதங்களில் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தது. அதன் பெயர் சென்னை சிட்டி. பெயர்தான் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில். 2016-17 இல் ஐ-லீக்கில் நுழைந்த அந்த அணி, அடுத்த பருவம் முதல் கோவை நேரு விளையாட்டரங்கைத் தன் வீடாக்கிக்கொண்டது. முதல் இரண்டு பருவங்களிலும் அட்டவணையின் கீழ்ப்பாதியிலேயே இருந்தது. எவரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

2018-19 இல் அதன் பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். நீளமாக உதைத்துவிட்டுப் பின்னால் ஓடும் ஆட்டத்தை அவர் விரும்பவில்லை. பந்தைத் தரையோடு ஒருவருக்கொருவர் கைமாற்றுவதுபோல் கால்மாற்றி, பொறுமையாக முன்னேறும் முறையைக் கற்பித்தார். ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள் சிலர் அம்முறைக்குப் பழகியவர்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்களும் ஆடினர். முன்வரிசையில் நின்ற பெத்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல்கள் அடித்து, லீக்கில் மிகுதியான கோல் அடித்தவர் என்னும் பெருமையைச் சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவோடு பகிர்ந்துகொண்டார்.

ஐ-லீக்கில் அவ்வாண்டு 11 அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டங்கள். நூறாண்டுக்கு மேல் பழமையுடைய மோகன் பகானும், ஏறத்தாழ நூறாண்டுப் பழமையுடைய ஈஸ்ட் பெங்காலும் அவற்றுள் இருந்தன. மிசோரமிலிருந்து ஐசால் வந்தது. மணிப்பூரிலிருந்து நெரோகா வந்தது. ஸ்ரீநகரிலிருந்து ரியல் காஷ்மீர் என்னும் கழகம் முதன்முறையாக இந்த லீக்கில் ஆடியது. பனி விழும் களத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கால்பந்து கண்டது அந்தப் பருவத்தின் அரிய காட்சிகளுள் ஒன்று.

அந்தக் காட்சிக்கும் ஒரு நிழல் விழுந்தது. 2019 பிப்ரவரி 14 ஆம் நாள் புல்வாமாவில் குண்டுத் தாக்குதல் நிகழ்ந்து, மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் உயிரிழந்தனர். சில நாட்களில் ஸ்ரீநகரில் ஆடவேண்டிய மினர்வா பஞ்சாப் அணி அங்குச் செல்லவில்லை. ஈஸ்ட் பெங்காலுடன் ரியல் காஷ்மீர் ஆடவிருந்த ஆட்டம் தில்லிக்கு மாற்றப்பட்டது. பட்டத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த காஷ்மீர அணி, தன் மக்கள் முன் ஆடும் வாய்ப்பை இழந்தது. நாட்டின் நிகழ்ச்சிகள் விளையாட்டரங்கின் வாயிலில் நின்றுவிடுவதில்லை.

மார்ச் மாதத் தொடக்கத்தில் பந்தயம் இரண்டு அணிகளுக்குள் சுருங்கியது. சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 39. இருவருக்கும் எஞ்சியது ஒவ்வோர் ஆட்டம். மார்ச் 9 ஆம் நாள் இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின. கோயம்புத்தூரில் சென்னை சிட்டி, முந்திய ஆண்டின் வெற்றியாளரான மினர்வா பஞ்சாபை எதிர்த்தது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவை எதிர்த்தது. சென்னை வென்றால் மறுபேச்சில்லை. வெல்லாமற்போய், ஈஸ்ட் பெங்கால் வென்றால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போகும்.

கோவையில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் மினர்வா கோல் அடித்துவிட்டது. அரங்கு அமைதியாயிற்று. இடைவேளை வரை அதே நிலை, 0-1. பாலக்காட்டுக் கணவாய்க்கு இப்பாலும் அப்பாலும் ஒரே மாலையில் இரண்டு ஆட்டங்கள். இங்கே நிகழ்வதன் பொருளை அங்கே நிகழ்வதே தீர்மானிக்கும். பிற்பாதியில் சென்னைக்கு ஒரு பெனால்டி உதை கிடைத்தது. மான்சி அதைத் தவறவிடவில்லை. 1-1. அதன்பின் வந்த வெற்றிக் கோலை அடித்தவர் கோலடிப்பதற்காக நிறுத்தப்பட்டவர் அல்லர். காவல் வரிசையில் நிற்கும் கௌரவ் போரா முன்னேறி வந்து அதை அடித்தார். ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் இன்னொன்றும் அவரே அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு 2-1 என வென்றது. ஆயினும் பயனில்லை. சென்னை 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஐந்து மாத ஓட்டத்தின் முடிவில் இருவருக்கும் இடையே நின்றது ஒரே ஒரு புள்ளி. அதாவது ஒரு சமநிலையின் மதிப்பு. ஐ-லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று வென்றது அதுவே முதன்முறை.

மார்ச் 17 ஆம் நாள் மும்பையில் சூப்பர் லீக் இறுதியாட்டம் நடந்தது. பெங்களூரு எஃப்.சி., கூடுதல் நேரத்தில் ராகுல் பேகே அடித்த ஒரே கோலால் கோவாவை வென்றது. அப்படியானால் நாட்டின் முதல் அணி எது? சென்னையா, பெங்களூரா? இரண்டு லீக்குகளும் கலந்துகொள்ளும் சூப்பர் கோப்பை என்னும் போட்டி புவனேசுவரத்தில் நடந்தது. ஐ-லீக் கழகங்கள் பல, தமக்கு உரிய மதிப்பு அளிக்கப்படவில்லை என்று அதைப் புறக்கணித்தன. சென்னை சிட்டி கலந்துகொண்டது. காலிறுதியில் அது பெங்களூரைச் சந்தித்து 2-1 என வென்றது. ஒரு லீக்கின் வெற்றியாளரை மற்றொரு லீக்கின் வெற்றியாளர் வென்ற அந்த முடிவு, ஏட்டில் எழுதப்படாத ஒரு வழக்குக்குத் தீர்ப்புப்போல் அமைந்தது. அரையிறுதியில் சென்னை சிட்டி கோவாவிடம் தோற்றது. இறுதியாட்டத்துக்குக் கோவாவோடு வந்து நின்றது யார் தெரியுமா? சூப்பர் லீக்கில் கடைசி இடம் பெற்ற அதே சென்னையின் எஃப்.சி. ஏப்ரல் 13 ஆம் நாள் அது 1-2 எனத் தோற்றது. எனினும், கடைசி இடத்தவர் ஒரு மாதத்துக்குள் ஓர் இறுதியாட்டத்துக்கு ஏறி வந்தது கால்பந்தின் இயல்புக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

இதுவரை சொன்னது ஆண்கள் ஆடிய ஆட்டம். செய்தித்தாள்களில் பெரிய எழுத்துகளைப் பெற்றதும் அதுவே. சிறிய எழுத்துகளில் வந்த மறுபாதிக்கு இனி வருகின்றேன். என் பற்றுக்குரிய பகுதி இதுதான்.

2018 பிப்ரவரியில், அதாவது நம் பருவத்துக்குச் சில மாதங்கள் முன்பு, கட்டக்கில் நடந்த தேசியப் பெண்கள் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என வென்று, முதன்முறையாகப் பட்டம் பெற்றது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் எத்தகைய வலிமை உடையது என்பதை அறிந்தோர் இதை எளிய செய்தியாகக் கொள்ளமாட்டார்கள். மாநில ஆண்கள் அணிகளுக்கு உரிய சந்தோஷ் கோப்பை 1941 முதல் நடந்துவருகின்றது. அன்றுவரை தமிழ்நாட்டு ஆண்கள் அதை ஒரு முறையேனும் வென்றதில்லை. பெண்கள் முந்திக்கொண்டார்கள்.

அந்த அணியின் முதன்மை ஆட்டக்காரர்களுள் ஒருவர் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன். நடுக்களத்தில் ஆடுபவர், பிழைப்புக்குத் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2019 மார்ச்சில் நேபாளத்து விராட்நகரில் தெற்காசியப் பெண்கள் கால்பந்துப் போட்டி நடந்தபோது, அரையிறுதியில் வங்காள தேசத்தை இந்தியா 4-0 என வென்றது. அதில் இரண்டு கோல்கள் இந்துமதியுடையவை. மார்ச் 22 ஆம் நாள் இறுதியாட்டத்தில், நேபாளத்தை அதன் சொந்த மண்ணில் இந்தியா 3-1 என வென்றது. தொடர்ந்து ஐந்தாம் முறையாகக் கோப்பை இந்தியாவுக்கு வந்தது. நேபாளத்தின் ஒரே கோலை அடித்தவர் சபித்ரா பண்டாரி. அப்பெயரைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருங்கள்.

ஏப்ரலில் மியன்மாரின் மண்டலே நகரில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று. இந்தியா இந்தோனேசியாவை வென்றது, நேபாளத்தை வென்றது. கடைசி ஆட்டத்தில் மியன்மாரோடு 3-3 எனச் சமநிலை கண்டது. மூன்று ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. இருப்பினும் மொத்தக் கோல் கணக்கில் மியன்மார் முந்தியிருந்ததால் இந்தியா வெளியேறியது. அன்றைய மூன்று கோல்களில் ஒன்றை அடித்தவர் சந்தியா ரங்கநாதன். அவரும் கடலூர் மாவட்டத்துப் பெண்.

மே மாதம் பஞ்சாபின் லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக்கின் மூன்றாம் ஆண்டுப் போட்டி நடந்தது. 12 கழகங்கள் வந்திருந்தன. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. என்னும் கழகம் மே 22 ஆம் நாள் இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று பட்டம் சூடியது. அந்தச் சேது அணியில் இந்துமதியோடு தோளுரசி ஆடியவர் யார்? மார்ச்சில் நேபாளத்துக்காக இந்தியாவுக்கு எதிராகக் கோல் அடித்த அதே சபித்ரா பண்டாரி. இரண்டு மாத இடைவெளியில் எதிராளி தோழியானார். நாடு பிரித்து நிறுத்தியவர்களைக் கழகம் ஒரே சட்டை அணிய வைத்தது. பண்பாடு என்பதை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

ஆக, 2019 மார்ச் 9 முதல் மே 22 வரை, எழுபத்தைந்து நாட்களுக்குள், ஆண்கள் ஐ-லீக் பட்டமும் பெண்கள் லீக் பட்டமும் தமிழ்நாட்டுக்கு வந்தன. முன்னது கோவையில் ஆடிய அணிக்கு. பின்னது மதுரை அணிக்கு.

கடலூர் என்று இருமுறை சொன்னேன். எங்கள் சங்கராபுரமும் கடலூரும் நெடுங்காலம் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. 1993 இல் விழுப்புரம் பிரிந்தது. 2019 நவம்பர் 26 இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் நடைமுறைக்கு வந்தது. கடற்கரையில் உள்ள கடலூரில் இந்திரா காந்தி விளையாட்டுக் கல்விக்கழகம் என்னும் பயிற்சி நிலையம் ஒன்றை மாரியப்பன் என்னும் பயிற்சியாளர் நடத்திவந்தார். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தக் கரையைத் தாக்கியது. அதனால் வாழ்விழந்த குடும்பங்களின் சிறுமியர் சிலரும் அந்த நிலையத்தில் கால்பந்து கற்றனர். இந்துமதியும் சந்தியாவும் அங்குப் பயின்றவர்களே. விராட்நகரிலும் மண்டலேயிலும் இந்தியாவுக்காக விழுந்த கோல்களில் சில, இந்தச் சிறு நகரத்தின் மணலில் விதைக்கப்பட்டவை என்று சொன்னால் அது மிகையாகாது.

பருவம் முடிந்தபின் நிகழ்ந்தவற்றையும் சொல்லவேண்டும்; இல்லையேல் இது வெற்றிப் பாட்டாகிவிடும், வரலாறு ஆகாது.

2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி சூப்பர் லீக் நாட்டின் முதன்மை லீக் ஆயிற்று. ஐ-லீக் அதற்குக் கீழே அமைந்தது. சென்னை சிட்டி அரும்பாடுபட்டு ஏறிய மலையின் உயரம், ஏறி முடித்த சில மாதங்களில் குறைக்கப்பட்டுவிட்டது. 2020 சனவரியில் அந்த அணி ஆசிய வெற்றியாளர் லீக்கின் தகுதியாட்டத்தில் பஹ்ரைனின் அல்-ரிஃபாவிடம் 0-1 எனத் தோற்றது. பிறகு கொள்ளைநோய்க் காலம் வந்தது. கழகங்களுக்கு விதிக்கப்பட்ட உரிம நிபந்தனைகளை நிறைவு செய்ய இயலாமல், 2021-22 பருவத்தில் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை. பட்டம் வென்ற மூன்றாம் ஆண்டில் அட்டவணையிலிருந்து அதன் பெயர் மறைந்தது. கோவையில் அன்று ஆர்ப்பரித்த சிறுவர்களுக்கு, வார இறுதியில் சென்று பார்ப்பதற்குத் தம் அணி என்று ஒன்று இல்லாமற்போனது.

சென்னையின் எஃப்.சி.யோ கீழே இறங்கத் தேவையில்லாத லீக்கில் இருந்தமையால், அடுத்த பருவத்திலேயே இறுதியாட்டம் வரை சென்று, ஏ.டி.கே. அணியிடம் தோற்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலிடம் பெற்ற கழகம் மறைந்தது. கடைசி இடம் பெற்ற கழகம் நிலைத்தது. ஆடுகளத்தில் பெற்ற புள்ளிகள் மட்டுமே ஒரு கழகத்தின் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. பணமும் விதிகளும் அமைப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இது நீதியா என்று கேட்டால், ஆடியவர்களுக்கு இது நீதியன்று என்பதே என் எண்ணம்.

ஆனால் கதையின் மறுபாதி அப்படி முடியவில்லை. சேது எஃப்.சி. 2024-25 பருவத்திலும் பெண்கள் லீக்கில் ஆடியது. 2023 சூனில் அமிர்தசரசில் நடந்த தேசியப் பெண்கள் போட்டியில் தமிழ்நாடு ஹரியானாவை 2-1 என வென்று, இரண்டாம் முறையாகப் பட்டம் பெற்றது. பெரும் பணம் புழங்காத, பெரிய எழுத்துகளில் பேசப்படாத பக்கம் தொடர்ந்து விளைந்துகொண்டிருந்தது. அதன் வேர் எங்கே இருந்தது? கடலூர் போன்ற ஊர்களில், ஒரு பயிற்சியாளரும் ஒரு திடலும் பந்துகள் சிலவும் பல ஆண்டுகள் இடைவிடாமல் இருந்தமையில்தான். கழகம் ஓர் ஆண்டில் எழலாம், ஓர் ஆண்டில் மறையலாம். திடல் அப்படியன்று, அது இருக்கும்வரை அடுத்த தலைமுறைக்கு வழி உண்டு.

எனவே 2018-19 பருவத்திலிருந்து நான் கற்றது ஒன்றே. கோப்பைகள் எங்கே போயின என்று மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பருவம் மூன்றே ஆண்டில் பொய்யாகிவிடும். வீரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்ப்பவருக்கு அது இன்றும் மெய்யாக நிற்கின்றது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்து மாணவர்களுக்குச் சில சொற்கள். நம் பகுதி கரும்பும் மரவள்ளியும் நெல்லும் விளையும் பகுதி. மேற்கே கல்வராயன் மலை. மலையூர்ப் பிள்ளைகள் மேடேறி இறங்கியே கால் உரம் பெற்றவர்கள். ஓடுவதற்கு அவர்களுக்கு ஒருவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஓடும் காலுக்கு ஒரு பந்தும், பந்துக்கு ஒரு சமநிலமும், மாலையில் வந்து நிற்கும் ஓர் ஆசிரியரும் வேண்டும். புது மாவட்டத்துக்கு அலுவலகக் கட்டடங்கள் வருவதை மகிழ்ச்சியோடு வரவேற்போம். அவற்றோடு பள்ளிக்கூடத்துத் திடல்கள் சுருங்காமல் காப்பதும் நம் பொறுப்பே. கட்டடம் எழுப்ப இடம் தேடுவோர் கண்ணுக்கு முதலில் படுவது, மாலை நேரம் தவிர மற்ற நேரங்களில் வெறுமையாகக் கிடக்கும் பள்ளித் திடலே அல்லவா?

இறுதியாக, வரலாறு பயிலும் உங்களுக்கு ஒரு வேலை தருகின்றேன். பெரிய லீக்குகளின் கணக்குகளை எழுதிவைக்கப் பலர் இருக்கின்றனர். 2019 மார்ச் 9 அன்று கோவையில் யார் எந்த நிமிடத்தில் கோல் அடித்தார் என்பதை நூறாண்டு கழித்தும் ஒருவர் கண்டறியலாம். உங்கள் பள்ளித் திடலில் சென்ற மாதம் நடந்த ஆட்டத்தை யார் எழுதிவைத்திருக்கின்றார்? ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாள், அணிகள், ஆடியவர்களின் பெயர், கோல் கணக்கு, திடலின் நிலை, ஆட்டத்தைக் காண வந்தவர்கள் ஏறத்தாழ எத்தனை பேர் என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஐந்து வரி எழுதுங்கள். மாணவியர் ஆடிய ஆட்டத்தை மறவாமல் எழுதுங்கள். மறக்கப்படுவது பெரும்பாலும் அதுவே. ஓராண்டு நிறைந்ததும் அந்தக் குறிப்பேட்டைப் பள்ளி நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். நாளைக்கு உங்கள் ஊர்ப் பெண்ணொருத்தி நாட்டுக்காக ஆடும்போது, அவள் முதலில் உதைத்த பந்து எந்தத் திடலில் உருண்டது என்று தேடி வருபவருக்கு, உங்கள் ஐந்து வரியே முதற் சான்றாகும்.